வக்காலத்துப் பெட்டி செய்த சுலைமான்

ஞாயிற்றுக்கிழமை காலை பழவேற்காட்டிலிருந்து முனுசாமி தொலைபேசியில் அழைத்தார். "பாய் பூட்டாரு சார்" என்றார். இறந்தது எந்த பாய் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தவர் சுலைமான் ஒருவர்தான். யார் சொன்னது என்று மட்டும் கேட்டேன். "யாரும் சொல்லல சார். அவரு ஊட்டு வாசல்லதான் நின்னுகினு இருக்கேன். மூஞ்சப் பாத்துட்டுத்தான் ஃபோன் போடறேன்."

சுலைமானைப் பற்றிய செய்தியை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது, அவரோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

திருவள்ளூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் அவர் பெட்டி செய்தார். நான் அதற்குக் கையேடு எழுதினேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் எண்ணெய்த் தொட்டிகளில் சூட்டை அளக்க எங்கள் கம்பியில்லாக் கருவிகள் இருந்தன. பேட்டரி தீராமலிருக்க அவை பெரும்பாலும் தூங்கும். அலுவலகங்களில் தூங்குபவர்களைப் போலன்றி, எழுப்பினால் பதில் சொல்லும். கட்டுப்பாட்டு அறையின் கேள்வியை நடுவிலிருக்கும் பெட்டி வாங்கிக்கொள்ளும். சற்றுமுன் வந்த பதில் கையில் இருந்தால் அதையே கொடுக்கும். இல்லையென்றால் கருவியை எழுப்பிக் கேட்டுச் சொல்லும். இதை விளக்க எனக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டது. சுலைமான் "வக்காலத்துப் பெட்டி" என்றார். தொழிற்சாலையில் யாரும் என் இரண்டு பக்கங்களைப் படிக்கவில்லை.

ஒருநாள் மூன்றாம் தொட்டியின் கருவி எழவில்லை, பேட்டரி தீர்ந்திருந்தது. பதில் வராததால், பெட்டி கடைசியாகக் கேட்டிருந்த நாற்பது டிகிரியையே சொல்லிக்கொண்டிருந்தது. இதற்கிடையில் தொட்டியை மறுபடி சூடாக்கியிருந்தார்கள். நாற்பது என்றால் வடிகட்டியைத் திறக்கலாம். அங்கே ஆபரேட்டராக இருந்த முனுசாமி திறந்தார். சுடு எண்ணெய் முழங்கை வரை தெறித்தது.

நாங்கள் மருத்துவமனைக்குப் போனோம். "உன்கிட்ட பொய் சொன்னது என் பொட்டிதான்" என்றார் சுலைமான். முனுசாமி கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி சொன்னார்: "நாப்பதுன்னுச்சு பாய். நாப்பதாம்னு சொல்லியிருந்தா, இன்னாடா இது, கேட்டதைச் சொல்லிகினு கீதேன்னு ஒரு தபா நானே அளந்து பாத்திருப்பேன்."

அந்த வாரமே சுலைமான் பெட்டியின் சின்னத் திரைக்காக 'ஆ'வையும் 'ம்'மையும் புள்ளி புள்ளியாக வரைந்தார். பழைய பதிலாக இருந்தால் எண்ணுக்குப் பின்னால் 'ஆம்' வரும். பார்வையிட வந்த எங்கள் மேலாளர் '40ஆம்' என்பதைக் கண்டு, "நாற்பதாம் என்ன? நாற்பதாம் தொட்டியா? இருப்பதே பத்துதானே?" என்றார்.

"இல்ல சார், நாப்பதாம்."

"அதான் கேக்கறேன், நாற்பதாம் எது?"

சுலைமான் பொறுமையாகச் சொன்னார்: "வக்கீலு கட்சிக்காரன் சொன்னதைத்தான் சார் சொல்லணும். தானே பாத்த மாதிரி சொல்லக்கூடாது."

அடுத்து விசாரணை வந்தது. யாராவது ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும் என்பது தொழிற்சாலையின் முடிவு; அது பெட்டியாக இருக்கக்கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் முடிவு. மிச்சமிருந்தது முனுசாமியின் வேலை. அறிக்கை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். செயப்பாட்டு வினையில் எனக்கு நல்ல பெயர் உண்டு. 'தொட்டியின் வெப்பநிலை உரிய முறையில் சரிபார்க்கப்படாத நிலையில் வடிகட்டி திறக்கப்பட்டது' என்று எழுதினேன்.

சுலைமான் படித்தார். "இதுல யாரு கீறாங்க, நைனா?"

"யாருமில்லை. அதுதான் வசதி."

"யாருமில்லாத ஊட்டுல முனுசாமி தலைதான் உருளும்" என்று சொல்லி, என் வாக்கியத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே எழுதினார்: 'கருவி பதில் தராதபோதும் பழைய அளவைப் புதியது போலச் சொல்லும்படி பெட்டியை அமைத்தவன் நான்.' கையெழுத்துப் போட்டு, தானே தொழிற்சாலைக்கு எடுத்துப் போய் ஒரு படியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

முனுசாமியின் வேலை நின்றது, அதாவது, நிலைத்தது. எங்கள் அடுத்த பெட்டிக்கான குழுவில் சுலைமான் சேர்க்கப்படவில்லை. 'சேர்க்கப்படவில்லை' என்ற அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "நல்லா எழுதிகீற" என்றார். என்னை டீ குடிக்கக் கூட்டிப்போனார்.

அந்த அறிக்கையின் மூலத் தாள் என்னிடம் இருக்கிறது. அவர் அடித்த கோட்டுக்கு அடியில் என் வாக்கியத்தை இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது. அதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.