நேராக ஓடிய நீலக் கோடு

எங்கள் கன்ட்ரோல் ரூம் திரையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு விரல் தடம் இருக்கிறது. ஷிப்ட் இன்சார்ஜ் அண்ணன் வைத்தது. ராயபுரத்தில் பிறந்தவர், வேலைக்காக எண்ணூரில் எங்கள் ஆலை மதிலை ஒட்டிய தெருவுக்குக் குடிவந்தவர். ஆலையைச் சுற்றியுள்ள சென்சார்கள் காற்றில் கலக்கும் வாயுவை அளந்து அனுப்பும். அந்த அளவுகள் திரையில் கோடுகளாக ஓடும்; வாயு கூடினால் கோடு மேலே ஏறும். நீலக் கோடு அவர் தெருவுக்கு உரியது. வேலைக்கு வந்ததும் அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொள்வார், கோயிலில் மாதா சொரூபத்தைத் தொடுவதுபோல. "மத்ததெல்லாம் ஆட்டம் போடுது. நம்ம பேட்டைக் கோடு மட்டும் சாதுவா கீது பாரும்மா" என்பார்.

அவருடைய மகளுக்கு வீசிங். மீஞ்சூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று அண்ணி கெஞ்சிக்கொண்டிருந்தார். போனில் இவர் சொல்வது எங்கள் எல்லோர் காதிலும் விழும். "டெய்லி நான் பாத்துகினு கீறேன். நம்ம பக்கம் ஒண்ணுமே இல்ல. புள்ளைக்குத் தூசி ஒத்துக்கல, அவ்ளோதான்." நாங்களும் நம்பினோம். கண்ணெதிரே கோடு இருந்ததே.

அந்தக் கோடுகளை வரைந்தது, பெர்ல் என்ற பழைய கணினி மொழியில் யாரோ எழுதிவிட்டுக் கைகழுவிய ஒரு நிரல் தொகுப்பு. புதிய கணினியில் அது மக்கர் செய்ததால், பைத்தான் என்ற இன்னொரு மொழியில் மாற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய படமும் புதிய படமும் அச்சு அசலாக ஒன்றாயிருக்க வேண்டும் என்றார் மேனேஜர். எல்லாக் கோடுகளும் பொருந்தின. நீலக் கோடு மட்டும் என் படத்தில் வரவே இல்லை. என் தப்புதான் என்று என்னையே திட்டிக்கொண்டு பழைய நிரலை வரிவரியாகப் படித்தேன். அளவு எதுவும் வராவிட்டால், கடைசியாக வந்த அளவையே திரும்பத் திரும்ப வரையும்படி எழுதியிருந்தது. அந்தச் சென்சார் செத்துக் கிடந்தது, எத்தனை காலமாக என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"பழைய மாதிரியே வரைஞ்சிடும்மா, எதுக்கு வம்பு" என்றார் மேனேஜர். வந்த ஆத்திரத்தில், முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அண்ணனைக் கூப்பிட்டு என் படத்தைக் காட்டினேன்.

"கோடு எங்கம்மா?"

"கோடே இல்லண்ணா. சென்சார் எப்பவோ செத்துப்போச்சு. பழைய அளவையே வரைஞ்சுகினு இருந்திருக்கு."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்போ நான் தொட்டுகினு இருந்தது இன்னாம்மா?" என்றார்.

புதிய சென்சாரை மாட்டி இயக்கிய அன்று எல்லோரும் திரை முன்னால் நின்றோம். நீலக் கோடு விரல் தடத்தைத் தாண்டி மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போய், மற்ற எல்லாக் கோடுகளுக்கும் மேலே நின்று ஆடியது. பழக்க தோஷத்தில் நீண்ட அவர் கை பாதியில் நின்றுவிட்டது. மறு கையால் போனை எடுத்தார். "ஜன்னலெல்லாம் சாத்து. புள்ளைய இட்டுகினு உங்கம்மா வூட்டுக்குக் கெளம்பு. இப்பவே."

இப்போது மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருகிறார். உள்ளே நுழைந்ததும் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்கிறார். திரையைத் துடைக்க வரும் அக்காவிடம் அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். தடம் அங்கேயே இருக்கிறது. கோடு அதற்கு ஒரு சாண் மேலே ஓடுகிறது.