வெறுங்கை நடை

மன அழுத்தத்துக்கு மருந்து தந்த டொக்டர், தினமும் அரை மணி நேரம் நடக்கவும் சொன்னதால், என் தம்பியின் மனைவி ராணி பின்னேரங்களில் குளக்கட்டில் நடந்தாள். எங்கள் பாப்பாமோட்டையில் வயலுக்கோ விறகுக்கோ அல்லாமல் பெண்கள் நடப்பதில்லை.

என்னோடு வயலில் களை பிடுங்கிய பெண்களுக்கு முன்னால், "வெறுங்கையோட சும்மா நடக்கிறவள் விசரிதானே!" என்று அவளைப் பைத்தியமாக்கிச் சிரித்தேன். குளக்கட்டில் போய்க்கொண்டிருந்த அவளுக்கும் கேட்டது.

அன்றோடு நடையை விட்டாள். பிறகு பேச்சை, சாப்பாட்டை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் மட்டும் தப்பியது.

இப்போது தினமும் நான் வெறுங்கையோடு நடக்கிறேன். அவளுடைய வாசல் படலையில் நின்று, "வா ராணி, சேர்ந்து நடப்பம்" என்று கூப்பிடுகிறேன்.

அவள் எழும்புவதில்லை. "நீங்கள் போங்கோ மச்சாள். உங்களை ஒருத்தரும் விசரி எண்டு சொல்ல மாட்டினம்."