அம்மா சைக்கிள் பழகியது

எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த பஸ் ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகு அதை யாரும் எதிர்பார்க்கவுமில்லை. விளக்கெரிக்கவே மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் பஸ்ஸைக் குறை சொல்லி என்ன பயன் என்று ஊர் பேசாமலிருந்துவிட்டது.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில். அம்மா படிப்பித்த பள்ளிக்கூடம் உரும்பிராயில். நடந்து போய்வரக்கூடிய தூரமல்ல. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். சண்டையில் கொழும்புப் பாதை மூடிய பிறகு அவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆகவே அம்மாவைக் காலையில் கொண்டுபோய் விடுவதும் மத்தியானம் கூட்டிவருவதும் மாமாவின் தலையில் விழுந்தது.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, மேலே படிப்பதற்கு எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாமல் எங்களோடு இருந்தவர். அம்மாவைக் கரியரில் ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் உழக்கி வந்து சேரும்போது அவருடைய சேட் முதுகோடு ஒட்டியிருக்கும். அம்மாவும் களைத்துத்தான் இறங்குவார். சும்மா இருந்து வந்தவருக்கு என்ன களைப்பு என்று எனக்கு விளங்குவதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஒரு பின்னேரம் மாமா, பார் இல்லாத பழைய சைக்கிளொன்றை வேலிப் படலைக்குள்ளால் தள்ளிக்கொண்டு வந்தார். சீற் கிழிந்திருந்தது. மணி இல்லை.

"அக்கா, இது உங்களுக்கு."

"எனக்கோ? இந்த வயதிலையோ?"

"முப்பத்தெட்டு ஒரு வயதே? எத்தினை நாளைக்கு என்ரை கரியரிலை இருப்பியள்?"

அம்மா மாமாவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் அரிசி களையத் தொடங்கினார். அது சம்மதமா மறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பின்னேரம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

எங்கள் ஒழுங்கையின் ஒரு பக்கம் பனையோலை வேலி. மறுபக்கம் புகையிலைத் தோட்டம். அம்மா ஹாண்டிலைப் பிடித்தபடி உயிரைக் கையில் வைத்துக்கொண்டு உழக்க, மாமா கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார். நான் முன்னால் ஓடி ஆடுகளைக் கலைப்பேன். முதல் நாட்களில் அம்மா வேலியில் அதிக நேரமும் சைக்கிளில் கொஞ்ச நேரமும் இருந்தார்.

விழாமல் தோட்டத்தின் மூலைவரை போன அன்றைக்கு மாமா, "நில்லுங்கோ அக்கா" என்றார். சேட் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து விரித்தார். உள்ளே பனங்கட்டித் துண்டுகள்.

"இப்ப என்னத்துக்கு இது?"

"நீங்கள் மூலைமட்டும் வந்ததுக்கு. கொண்டாட வேண்டாமே?"

"இன்னும் உரும்பிராய் எங்கை கிடக்குது. முதல் பழகி முடியட்டும்."

"முடியட்டும் முடியட்டும் எண்டு இருந்தால் ஒண்டையும் கொண்டாடேலாது. வந்தது வந்ததுதானே? இருங்கோ."

மூவரும் வரப்பில் இருந்தோம். அம்மா தன் துண்டை அவசரமில்லாமல் சூப்பித் தின்றார். சீனி கண்ணால் காணாத காலம் அது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் எல்லோரும் வெறுந்தேத்தண்ணி குடிப்போம். வீட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு. மாமா சில நாட்களாகப் பனங்கட்டி இல்லாமலே தேத்தண்ணி குடித்ததை நான் கண்டிருந்தேன். அவருக்கு இனிப்பு வெறுத்துவிட்டதென்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு மாமா எதற்கும் காரணம் கண்டுபிடித்தார். பிள்ளையார் கோயிலடியில் அம்மா இறங்காமலே சைக்கிளைத் திருப்பிய அன்று, வேலியில் நின்ற செவ்வரத்தம் பூக்களைப் பிடுங்கி ஹாண்டிலில் செருகிவிட்டார். எதிரே வந்த முன்வீட்டு மாமி நின்றுவிட்டார்.

"ஆருக்கடா தம்பி கலியாணம்?"

"அக்காவுக்கு வளைவிலை திருப்ப வந்திட்டுது, மாமி."

மாமி பூவையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். பலாலி ஆமி முகாம் பக்கம் விட்டுவிட்டு வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாடு இருக்கிற இருப்பிலை உனக்குப் பூ வேண்டிக் கிடக்கு" என்றார் அம்மா. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை பூக்களை எடுக்கவில்லை.

இப்படி அம்மா ஒழுங்கை தாண்டினார். மானிப்பாய் தாண்டினார். மருதனார்மடம் போன அன்று மாமா எங்கோ கச்சான் கடலை வாங்கி வந்தார். சந்தைக்கு முன்னால் மரத்தின் கீழ் இருந்து உடைத்துத் தின்றோம். மாமா எங்களை எழும்பவே விடவில்லை. அம்மாவும் எழும்ப அவசரப்படவில்லை. பள்ளிக்கூடக் கொப்பிகள் திருத்தக் கிடக்கின்றன, அடுப்பு மூட்டவேண்டும் என்று எப்போதும் பறக்கிற அம்மா, கச்சான் கோதுகளைத் தும்புத்தடி போட்டுக் கூட்டுகிறவர்போலக் காலால் ஒதுக்கிக்கொண்டு இருந்தார்.

இந்தக் காலத்தில்தான் நான் மாமாவின் சூழ்ச்சியைக் கண்டுபிடித்தேன். "பிடிச்சிருக்கிறன், உழக்குங்கோ" என்று சொல்லிக்கொண்டே அவர் கரியரை விட்டுவிடுவார். வெறுங்கையோடு பின்னால் ஓடிவருவார். அம்மா நேராகப் போவார். கொஞ்சத் தூரம் போனதும், ஒன்றும் குறுக்கே வராமலே, காலை ஊன்றி நின்றுவிடுவார்.

"தம்பி, விடாதை. எனக்கு இன்னும் வரேல்லை."

"நான் எங்கை விட்டனான்?" என்பார் மாமா. ஓடி வந்து மறுபடி பிடிப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, மாமா உங்களை ஏமாத்துறார். அவர் பிடிக்கிறேல்லை."

"எனக்குத் தெரியும்."

"பின்னை ஏன் காலை ஊண்டினனீங்கள்?"

அம்மா என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். "களைச்சுப் போனன், பிள்ளை" என்றார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அம்மா தனியே தன் சைக்கிளில் உரும்பிராய்ச் சந்திவரை ஓடினார். மாமா என்னைப் பாரில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். சந்தித் தேத்தண்ணிக் கடையில் மூன்று தேத்தண்ணியும் கடிக்க வாய்ப்பனும் சொன்னார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மழைக்குள்ளை ஓட வராது, தம்பி."

"மழை வந்தால் நீங்களே பழகிடுவியள், அக்கா."

அம்மா தன் வாய்ப்பனை என் பக்கம் தள்ளினார். உரும்பிராய்வரை வந்தும் இப்படியொரு கொண்டாட்டமா என்று எனக்குச் சப்பென்றிருந்தது.

அடுத்த கிழமை மாமா போனார். கிளாலிக்குப் போய்ப் படகேறி, கொழும்பு போய், பிறகு எத்தனையோ நாடுகளில் ஒளித்திருந்து ஜேர்மனி போய்ச் சேர்ந்தார். படலையில் என் தலையைத் தடவி, "போட்டு வாறன்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. திங்கட்கிழமை சேலையைச் செருகிக்கொண்டு தனியே பள்ளிக்கூடம் போனார். மழைக்காலம் முழுவதும் போனார். ஒருநாளும் விழவில்லை.

அதன் பிறகு அவர்கள் இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கும் மாமாவால் வர முடியவில்லை. எட்டுச்செலவு முடிந்த பிறகு தொலைபேசியில் கதைத்தார். குரல் வயதாகியிருந்தது. எதையெதையோ கதைத்துக் கதை சைக்கிளுக்கு வந்தது.

"என்ரை பயணம் சைக்கிள் வாங்க முதலே ஒழுங்காயிட்டுது, பிள்ளை. என்ரை வயதுப் பெடியள் அங்கை இருக்கேலாத காலம். அக்கா தனிய ஓடப் பழகினால்தான் போவன் எண்டு அவவிட்டையே சொன்னனான்."

மாமா ஒருமுறை இருமிவிட்டுத் தொடர்ந்தார்.

"அவவுக்கு எப்பவோ ஓட வந்திட்டுது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமெண்டு அவவுக்கும் தெரியும். அதுதான் வழியெல்லாம் இருந்து இருந்து திண்டனாங்கள்."

அந்த முப்பத்தெட்டை நான் தாண்டிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கொப்பிகள் கிடக்க, அடுப்புக் கிடக்க, மருதனார்மடத்து மரத்தின் கீழ் எழும்ப மனமில்லாமல் இருந்த அம்மாவை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்குப் பக்கத்தில் இருந்து கச்சான் உடைத்த எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. அம்மாவுக்கு வயது போய்விட்டது, அதனால்தான் பழகச் சுணங்குகிறார் என்று.