லேப்டாப்பில் கொட்டிய நீராகாரம்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் பதறுவேன். காலேஜில் கடைசி வருஷம் படித்த என் மகள், ஒருநாள் காலை தன் லேப்டாப்பில் நீராகாரத்தைக் கொட்டிவிட்டாள். அவள் புராஜெக்ட் மொத்தமும் அதில்தான் இருந்தது.

பழங்காநத்தத்தில் ஒரு ரிப்பேர் கடைக்கு ஓடினோம். "என்ன கொட்டுச்சு?" என்று கடைக்காரர் கேட்டார். மகள் கூச்சப்பட்டு, "வெறும் தண்ணிண்ணே" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "பழைய சோத்துத் தண்ணி தம்பி. உப்பு வேற அம்புட்டுப் போட்டிருந்தேன்" என்றேன். மகள் என் கையைக் கிள்ளினாள்.

"நல்லவேளை சொன்னீங்கக்கா. வெறும் தண்ணின்னா காயவச்சுக் குடுத்திருப்பேன். உப்பு உள்ளயே இருந்து போர்டை அரிச்சிருக்கும்" என்ற கடைக்காரர், அதைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவித் தந்தார். புராஜெக்ட் பத்திரமாக இருந்தது.

இப்போதெல்லாம் எது ரிப்பேரானாலும் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்ல மகள் என்னைத்தான் கூட்டிப்போகிறாள்.