முதுகில் உப்புத்தாள் போட்ட பெயிண்டர்

பெயிண்டருக்கு வாய் ஓயாது. ஏணி உச்சியில் நின்றபடியே தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அவரவர் வீட்டுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று சிபாரிசு செய்வார். அப்படிப்பட்டவரின் முதுகிலும் தொடையிலும் செதில் செதிலாகச் சிவப்புத் திட்டுகள் கிளம்பின. படை என்று நினைத்து இரண்டு வருஷம் ஓட்டினார். கடைசியில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தவர்கள், தோலில் வருகிற லிம்போமா, ஒரு வகைப் புற்றுநோய் என்றார்கள். மெதுவாக நகர்கிற நோய்தான், பயப்படாதீர்கள் என்று களிம்பும் கொடுத்தார்கள்.

அவருடைய நோய்க்கு மட்டும் கால் முளைத்துவிட்டது. மூன்றே மாதத்தில் திட்டுகள் தடித்து நீர் கசிந்தன. அரிப்பு உயிரை வாங்கியது. இப்படியே போனால் அடுத்தது கீமோதெரபிதான் என்றார் டாக்டரம்மா. உடம்பில் அந்த மருந்து ஏறினால், தன்னால் ஏணியில் ஏற முடியுமா? இந்தக் கவலையில் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"வீட்டுல களிம்பு ஒழுங்காப் போடுறாரா?" என்று டாக்டரம்மா மனைவியைக் கேட்டார்.

"போடுறாருங்க. அதுக்கு முன்னாடி உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிறார்," என்று மனைவி போட்டுக் கொடுத்தாள்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"ரொம்ப நைஸ் தாள்தாங்க," என்று பெயிண்டர் சமாளித்தார். "தேய்க்காம அடிச்சா எந்தப் பூச்சும் பிடிக்காது. முப்பது வருஷ அனுபவம்."

டாக்டரம்மாவுக்கு வந்த கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. புண்ணைப் பஞ்சால் ஒற்றிச் சோதனைக்கு அனுப்பினார். மறுவாரம் முடிவு வந்தது.

"தேய்ச்ச இடமெல்லாம் கிருமி குடித்தனம் நடத்துது. அது கக்குற நஞ்சு, தோல்ல இருக்கிற புற்று அணுக்களை உசுப்பிவிடலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. உங்க நோய் வேகமெடுத்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். முதல்ல கிருமியை அடிப்போம். அப்பவும் அடங்கலைன்னா கீமோதான்."

ஆன்டிபயாட்டிக் தொடங்கியது. மனைவி வீட்டிலிருந்த உப்புத்தாள் அத்தனையையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வேலைக்கு என்று கெஞ்சினால் ஒரு தாள் கிடைக்கும். சாயங்காலம் தேய்ந்த தாளைத் திருப்பிக் காட்ட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா அவர் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார். கசிவு இல்லை. தடிப்பு வற்றியிருந்தது.

"நோய் போகலை. ஆனா அடங்கியிருக்கு. இப்போதைக்கு கீமோ வேண்டாம். ஏணி ஏறலாம்."

பெயிண்டருக்குத் தலைகால் புரியவில்லை. லிஃப்டில் ஏறியதும், முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டி, "எனக்குப் புற்றுநோய்ங்க, அடங்கிருச்சு," என்றார். அவர் மிரண்டு மூலையில் ஒதுங்கினார்.

"மானத்தை வாங்காதீங்க. சும்மா வாங்க," என்று மனைவி அவர் கையைக் கிள்ளினாள். பெயிண்டர் அடங்கி நின்றார்.

அடுத்த மாடியில் கதவு திறந்து ஒரு நர்ஸ் ஏறினாள். மனைவி அவளையே பார்த்தாள். கண் நிறைந்தது. கதவு மூடுவதற்குள், "இவருக்குப் புற்றுநோய்ங்க," என்று மனைவியே ஆரம்பித்துவிட்டாள்.