தாலி கட்டிய நேரத்தில் அண்ணன் எங்கே இருந்தார்

அன்று கூலாய் மண்டபத்து மணமேடையில் இருந்தவர்கள்: மணமகன், மணமகள், ஐயர், மாப்பிள்ளையின் தாய் தந்தை, அவருடைய அக்கா, பெண்ணைப் பெற்ற எங்கள் மாமா, அத்தை, மாமா அழைத்து வந்திருந்த, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர். மேடைக்குக் கீழே நடுவில், கேமராவோடு எங்கள் அண்ணன். விளக்கைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு யாராவது மாற்றிச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

அண்ணன் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் செனாய் தொழிற்சாலையில் வேலை செய்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். நான் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு இருந்த ஒரே ஆசை, பழைய கேமரா ஒன்று. விடுமுறை நாளில் பிறந்தநாள், காதுகுத்து, சடங்கு என்று யார் கூப்பிட்டாலும் போய்ச் சும்மா எடுத்துக் கொடுப்பார். யோங் பெங்கில் ஒரு சடங்கை எடுத்தபோது, வேண்டாம் என்றவரின் சட்டைப்பையில் அந்த வீட்டு அம்மா பணம் வைத்த அங்பாவ் உறை ஒன்றைத் திணித்துவிட்டார். பிறகு அவர் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பணத்தோடு வந்தார்கள். தொழில் அப்படித்தான் தொடங்கியது. நல்ல கேமரா, விளக்கு, பழைய வேன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று நான் பதறுவேன். அவர் பையிலிருந்து இன்னொன்றை எடுப்பார். பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட்டு எழும்வரை பந்தியில் உட்காரவே மாட்டார்.

மாமா மகளின் கல்யாணத்தில், ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும் நேரம் பார்த்து, மாமா டத்தோவின் கையைப் பிடித்து இழுத்து வந்து மேடையின் முன்விளிம்பில் தம்மோடு நிறுத்திக்கொண்டார். கேமராவுக்கு நேரே இரண்டு முதுகு. அண்ணன் இடப்பக்கம் ஓடினார், வலப்பக்கம் ஓடினார். "மாமா, கொஞ்சம் தள்ளுங்க மாமா" என்று கெஞ்சினார். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்று மாமா சொல்லலாம். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் அப்படியே நின்றார். அது வீடியோவில் இருக்கிறது.

பெண்ணைப் பெற்றவரின் முதுகைக் கல்யாண வீடியோவில் வைக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தை வெட்டிவிட்டு, அட்சதை விழுவதையும் மேளக்காரரையும் சேர்த்துக் கொடுத்தார். தாலி கட்டியதைக் காணோம் என்று மாமா பாக்கிப் பணத்தைக் கொடுக்கவில்லை. அதோடு விட்டாரா? கூலாயில் எங்கே கல்யாணப் பேச்சு நடந்தாலும் போய் உட்கார்ந்துகொண்டு, "அவன்கிட்ட மட்டும் கொடுத்துடாதீங்க லா. தாலி கட்டுற நேரத்துல தட்டைத் தூக்கிக்கிட்டுச் சாப்பிடப் போயிட்டான்" என்றார். முன்பணம் கொடுத்தவர்களே திருப்பிக் கேட்டு வந்தார்கள். வேனை விற்றோம். அண்ணன் மறுபடியும் செனாய் தொழிற்சாலைக்கே போனார்.

நெஞ்சுவலியோடு அவர் மருத்துவமனையில் கிடந்தபோது கேட்டேன்.

"வெட்டாத வீடியோவ எல்லாருக்கும் போட்டுக் காட்டிடலாமாண்ணே?"

"தாய்மாமன ஊரே பார்த்துச் சிரிக்கணுமா பாப்பா? நான் இருக்கிற வரைக்கும் வேணாம்."

மறுநாள் காலை அவர் இல்லை.

மாமா சாவு வீட்டுக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி அழுதார். பொறுத்தேன். ஓராண்டும் பொறுத்துவிட்டேன். "என் தம்பிடி, வேணாம்டி" என்கிறார் அம்மா. மாமா கேஸ் போடுவாரோ, சொந்தம் அறுந்துவிடுமோ என்று எனக்கும் தூக்கமில்லை. இருந்தாலும், இன்று அவருடைய முதலாண்டு நினைவுப் படையல் முடிந்து இலை போடுமுன், அண்ணன் எடுத்தது எடுத்தபடியே இந்த மண்டபத் திரையில் ஓடும். மாமாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறேன். அவரை யாரும் மறைக்க மாட்டார்கள்.

அண்ணனைத் தம் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டுக்காரருக்கும், அந்த யோங் பெங் அம்மாவுக்கும், மாமாவின் பேச்சைக் கேட்ட பிறகும் அண்ணனையே கூப்பிட்ட சில குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. அவர்கள் யாரும் ஒரு காசு பாக்கி வைக்கவில்லை.

மாமா தர வேண்டியது ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.