பியோங்தே அண்ணன் விற்ற பன்றி

மா பியோங்தே அண்ணனுக்கு கசினோவால் இரண்டு முறை மொட்டை விழுந்தது. முதல் மொட்டை அவரே விரும்பிப் போட்டுக்கொண்டது. எங்கள் ஊரான சாபுக்கில் நிலக்கரிச் சுரங்கத்தை இழுத்து மூடியபோது, பிழைக்க வழி சொல் என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. அண்ணன் தலையை மழித்துக்கொண்டு முன்வரிசையில் தொண்டை கிழியக் கத்தினார். அரசாங்கம் மனமிரங்கி, மலைமேல் கசினோ வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அன்றைக்கு நாங்கள் தெருவில் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. இரண்டாவது மொட்டைதான் முழு மொட்டை. வீடு, வண்டி, நிலக்கரித் தூசி தின்ற நுரையீரலுக்குக் கிடைத்த நஷ்டஈடு, எல்லாம் மலையேறிவிட்டன.

உள்ளூர்க்காரன் மாதத்தில் ஒரு நாள்தான் உள்ளே போகலாம் என்று ஒரு விதி வைத்தார்கள். எங்களைக் காப்பாற்றவாம். அண்ணன் தன் பெயரை மச்சினன் வீட்டு விலாசத்துக்கு மாற்றிக்கொண்டு, பிறந்த ஊரிலேயே வெளியூர்க்காரர் ஆனார். கடைசியில் அவர் மனைவி ஓக்பூன் அக்கா நேரே மேலே போய், இந்த ஆளை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். குடும்பத்தார் கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். அதே ஆள் மனம் மாறினால்தான் திறப்பார்கள். ஓக்பூன் அக்கா மனம் மாறுவதைவிட மூடின சுரங்கத்தைத் திறப்பது சுலபம்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு என் சூப்புக் கடைதான் கதி. ஒரு கிண்ணம் எலும்புச் சூப்பை வைத்துக்கொண்டு, சூதாட வந்தவர்களுக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். முழுகிப்போனவர் நீச்சல் சொல்லிக் கொடுப்பதுபோல் இருக்கும். அதையும் நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள்.

ஒரு நாள் காலையில் முகமெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தார். என்ன விஷயம் என்றால் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"கனவுல பன்னி வந்துச்சா?" என்றேன்.

"கத்தாதே. நல்ல கனவ வெளிய சொன்னா பலிக்காதுன்னு தெரியாது உனக்கு?"

"பலிச்சு என்ன பண்றது? உங்கள வாசல்லயே நிறுத்திடுவாங்க. பன்னிய ஊறுகா போடப் போறீங்களா?"

எங்கள் பக்கத்தில் பன்றிக் கனவு என்றால் பணம். அது வந்தும் மேலே போக முடியாதவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அண்ணன் முகம் தொங்கிப்போனது. அப்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து பாங் அம்மாள் திரும்பினார். தேகுவில் துணிக்கடை வைத்திருந்தவர். ஒரு வாரம் தங்க வந்து, வருஷக்கணக்காக எங்கள் ஊர் வெந்நீர்க் குளியல் விடுதியில் படுத்து எழுந்துகொண்டிருக்கிறார்.

"அப்ப எனக்கு வித்துடுங்க," என்றார்.

நல்ல கனவை விற்பதும் வாங்குவதும் எங்களிடம் உண்டு. காசு கைமாறினால்தான் கனவு கைமாறும். பாங் அம்மாள் ஒரு பத்தாயிரம் வொன் நோட்டை மேசையில் வைத்தார். அண்ணன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாத குறையாக எடுத்துக்கொண்டு கனவைச் சொன்னார். வெள்ளைப் பன்றியாம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் மடியில் தலை வைத்துப் படுத்ததாம். சொல்லி முடித்ததும் அந்த நோட்டை அவரிடமே நீட்டினார்.

"இத எம்பேர்ல ஒரு ஆட்டம் வெச்சிடுங்க."

சாயங்காலம் பாங் அம்மாள் வெறுங்கையோடு இறங்கி வந்தார். "உங்க பன்னி நொண்டிப் பன்னி," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் மிரான் வொன்ஜுவிலிருந்து வந்தாள். நானும் சூப்புச் சட்டியோடு அவர்கள் வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். மிரான் மறுபடி உண்டாகியிருந்தாள். இதற்கு முன் இரண்டு முறை தங்கிக் கலைந்துவிட்டது. இந்த முறை டாக்டர் தைரியம் சொல்லியிருந்தார், இருந்தாலும் அவள் பயம் போகவில்லை.

"அம்மா, யாருக்காவது கனவு வந்துச்சா?" என்று சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

வயிற்றில் பிள்ளை தங்கினால் குடும்பத்தில் யாராவது ஒருவருக்கு அதன் கனவு வரும். அந்தக் கனவைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் பிள்ளைகளை வளர்ப்போம். கலைந்துபோன இரண்டுக்கும் யாருக்கும் கனவு வரவில்லை. மாமியார் வீட்டில் இந்த முறையும் கையை விரித்துவிட்டார்கள். ஓக்பூன் அக்காவும் இல்லையென்று தலையாட்டினார்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். பன்றிக் கனவு பிள்ளைக்கும் வரும். மடியில் தலை வைத்துப் படுத்ததைப் பணம் என்று நினைக்க, சூதாடித் தேய்ந்த மண்டையால்தான் முடியும். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கனவைத் திருப்பிக் கொடுக்கப் பாங் அம்மாள் பத்து மடங்கு கேட்டாராம்.

"மிரான், ஒரு லட்சம் வொன் குடும்மா. நம்ம பிள்ளையோட கனவ வித்துட்டேன். திரும்ப வாங்கணும்."

மிரான் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போன தடவ பல்லு வலி. அதுக்கு முன்னால செத்துப்போன சிநேகிதருக்கு மொய். அந்த சிநேகிதர் அடுத்த மாசம் என் கல்யாணத்துல வந்து சாப்பிட்டாரு. ஆனா என் வயித்துல இருக்கறத சொல்லிக் காசு கேக்கறது இதான் முதல் தடவ." முடிக்கும்போது சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"நெசம்தான்டி, என் கடையிலதான் வித்தாரு," என்றேன்.

"உங்களையும் பேச வெச்சுட்டாரா, சித்தி?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அண்ணன் கதவருகே நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக உண்மையைச் சொல்லிக் காசு கேட்டவர். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, அறையவும் தோன்றியது.

ஓக்பூன் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: "நெசமாவா?"

"நெசம்தான்க்கா."

கையைத் துடைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு குளியல் விடுதிக்குப் போனார். கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் வாங்குவதுபோல் பேரம் பேசத் தொடங்கினார். யாருக்காக என்று சொன்னதும் பாங் அம்மாள் பேரத்தை விட்டுவிட்டார். "அந்த மனுஷன் பணம்னுல்ல சொன்னாரு. பிள்ளையோடதுன்னு தெரிஞ்சா சீட்டு மேசைக்குக் கொண்டு போயிருப்பேனா?" என்றார். வாங்கின விலைக்கே, ஒரே நோட்டுக்கு, தனக்கு ஞாபகம் இருந்த வரையில் கனவைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த நோட்டோடு அன்றைக்கே மலையேறியது வேறு விஷயம்.

அக்கா வழியிலேயே மகளுக்குப் போன் போட்டார். "எனக்குத்தான்டி வந்துச்சு. வயசாச்சுல்ல, மறந்து தொலச்சிட்டேன்." அந்தப் பக்கம் மிரான் அழுதது எனக்கே கேட்டது.

பெண் குழந்தை பிறந்தது. முதல் பிறந்தநாள் விருந்தில், பட்டு உடுத்திய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா எல்லாருக்கும் கனவைச் சொன்னார். "பெரிய கறுப்புப் பன்னி. கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து..."

"வெள்ளை," என்றார் பக்கத்தில் இருந்த அண்ணன், வாய்தவறி.

மிரான் திரும்பிப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்களாப்பா?"

அண்ணன் குழந்தையைப் பார்த்தார், அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"இல்லம்மா. நான் எங்க பாத்தேன்," என்றார்.

மிரான் தலையாட்டிவிட்டு அம்மா பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒன்றை மறுகேள்வி கேட்காமல் அவள் நம்பியது அன்றைக்குத்தான்.